ஒரே குதிரையை எட்டு முறை வாங்கியவனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குதிரை ஆள் கிடையாது. வாழ்நாளில் குதிரை மேல் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை, கொடைக்கானல் ஏரிக்கரையில், குதிரைக்காரர் கயிற்றை விடாமல் கூடவே நடந்துவர, கால் மணி நேரம். இறங்கியபோது தொடை பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்டவன் வீட்டு ஷெல்ஃபில் இப்போது ஒரே அச்சில் வார்த்த எட்டு பிளாஸ்டிக் குதிரைகள் நிற்கின்றன. உயரம் ஒன்று, நிற்கிற நிலை ஒன்று, நிறம் மட்டும் வேறு. அதிலும் மூன்றுக்கு நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அந்தக் கதை பின்னால் வரும்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம். மகளுக்கு ஒன்பது வயதில் குதிரைப் பித்துப் பிடித்தது. இந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வருகிற காய்ச்சல்தான். ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தெரு கேரேஜ் சேலில் பழைய கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் பொன்னிறக் குதிரை ஒன்று கிடந்தது, வெள்ளைப் பிடரி, வெள்ளை வால், ஒரு காதின் நுனி லேசாகத் தேய்ந்திருந்தது. 4 டாலர். மகளுக்கென்றுதான் வாங்கினேன். அவளுக்குப் பித்து ஒன்றரை வருடத்தில் தெளிந்து இப்போது கூடைப்பந்து, குதிரை என்னிடம் வந்து சேர்ந்தது.

குதிரை ப்ரேயர் கம்பெனியுடையது, பெயர் ஃபேமிலி அரேபியன் ஸ்டாலியன், ஸ்டாலியன் என்றால் ஆண் குதிரை. ப்ரேயர் பெயர் தெரியாதவர்களுக்கு: 1950ல் சிகாகோவில் இருந்த ப்ரேயர் மோல்டிங் கம்பெனிக்கு, மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகாரக் கம்பெனி ஒரு வேலை கொடுத்தது. கணப்படுப்பு மேல் வைக்கிற கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்க ஒரு குதிரை வேண்டும். வேலை முடிந்தபின் அந்த அச்சு ப்ரேயர் கையிலேயே தங்கிவிட்டது. ஜனங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரை மட்டும் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பிக்க, 57ஆம் எண் வெஸ்டர்ன் ஹார்ஸ் தனியாக விற்பனைக்கு வந்தது. அப்புறம் கம்பெனி திரும்பிப் பார்க்கவே இல்லை. 1984ல் ரீவ்ஸ் இன்டர்நேஷனல் வாங்கி நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனது. முதல் முப்பது வருடத்துக்கும் மேல் பெரும்பாலான குதிரைகளைச் செதுக்கியவர் கிறிஸ் ஹெஸ், நான் சேர்ப்பதும் அவர் கைவேலைதான்.

சேர்ப்பவர்கள் மத்தியில் இந்த ஃபேமிலி அரேபியனுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. 1960 வாக்கில் ஆரம்பித்து 80கள் வரை ஏராளமாக விற்றதால் எந்த ஃப்ளீ மார்க்கெட்டுக்குப் போனாலும் ஒன்று கண்ணில் படும். "ஐயோ, இன்னொன்றா" என்று முகம் சுளிப்பார்கள். பலர் இதை மேலே வேறு பெயின்ட் அடித்துப் பழகத்தான் வாங்குவார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, விலை ஏறவில்லை.

ஏன் ஒரே குதிரையைத் திரும்பத் திரும்ப? என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். இந்தப் பொழுதுபோக்கில் இதற்குப் பெயரே இருக்கிறது, காங்கா. ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி ஆடுவார்களே அந்த காங்கா ஆட்டம், அதே மாதிரி ஒரே அச்சின் வெவ்வேறு வெளியீடுகளை வரிசை கட்டி நிறுத்துவது. உருக்கு அச்சு செய்வதுதான் இந்தத் தொழிலில் பெரிய செலவு. செய்துவிட்டால் அதே அச்சில் வருடக்கணக்கில் வார்க்கலாம், பெயின்டை மாற்றினால் புதுக் குதிரை, புது எண், புதுப் பெயர். நம் ஊர் ஜவுளிக்கடையில் ஒரே டிசைன் சேலை பன்னிரண்டு கலரில் தொங்குமே, அந்தக் கணக்கு. ஒரு வித்தியாசம், சேலை எடுக்கப் போனவர்கள் பன்னிரண்டையும் வாங்கி வருவதில்லை.

கேட்டலாகில் வைத்த பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆண், பெண், குட்டி என்று குடும்பமாக விற்றார்கள், அதனால்தான் ஃபேமிலி. பொன்னிறக் குடும்பம் ஹிக்கரி, ஹனி, சார்ம். வெள்ளைக் குடும்பம் ப்ரின்ஸ், ப்ரைடு, ஜாய். செந்தவிட்டு நிறக் குடும்பம் ஷேக், ஷீபா, ஷா. சாம்பல் புள்ளிக் குடும்பத்துக்கு ஃப்ளெக், ஸ்பெக், ஸ்பாட், அதாவது மூன்று பேருக்கும் புள்ளி என்றே பெயர். பெயர் வைத்தவருக்கு அன்று சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். குதிரை வார்ப்பது செல்லுலோஸ் அசிடேட்டில், மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும் வருகிற பிளாஸ்டிக், நல்ல மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்கள் செய்கிற அதே சரக்கு. கையில் எடுத்தால் சாதாரண பொம்மை பிளாஸ்டிக்கின் சலசலப்பு இருக்காது, கொஞ்சம் கனம், தட்டினால் அடங்கிய சத்தம். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டி, ஒட்டிய இடத்தைத் தேய்த்துச் சமன் செய்து, பிறகு ஸ்ப்ரேயால் நிறம் ஏற்றுகிறார்கள். வாயோரத்தில் அல்லது மூக்குத்துளையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கும், உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரிந்தால் வெளியேற. இது தெரியாமல் முதல் குதிரையைத் தண்ணீரில் முக்கிக் கழுவினேன். இரண்டு நாள் ஆட்டும்போதெல்லாம் வயிற்றுக்குள் தளும்பியது.

இரண்டாவதாக வாங்கியது அதே ஹிக்கரிதான், ஆனால் பளபளப்பு. 15 டாலர், ஒரு பழம்பொருள் கடையில். இங்கேதான் நான் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பாட்டு மேஜை விளக்கடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேரேஜ் சேல் குதிரை மங்கல் பூச்சு, உடம்பு முழுக்க ஒரே சீரான, ஆறிப்போன டீ நிறம். பளபளப்பில் முதுகு அடர்ந்து, விலாவில் வெளுத்து, வயிற்றுக்குக் கீழே கிட்டத்தட்ட வெண்ணெய் நிறத்தில் முடிகிறது, ஸ்ப்ரே பிடித்த கை எங்கே வேகமாகப் போயிற்று, எங்கே நின்றது என்பதுகூடத் தெரிகிறது. பின்தொடையின் உட்புறத்தில் வட்டமாகக் கம்பெனி முத்திரை இரண்டிலும் உண்டு. மங்கலானதில் மட்டும் அதோடு யுஎஸ்ஏ என்ற எழுத்தும் இருந்தது, 1970 வாக்கில்தான் அதைச் சேர்த்தார்கள். பளபளப்பு 60களின் நடுப்பகுதி வரைதான் வழக்கத்தில் இருந்தது. ஆக, பெட்டியில்லை, ரசீதில்லை, ஒரு தொடையைப் புரட்டிப் பார்த்தே எது அண்ணன் எது தம்பி என்று சொல்ல முடிகிறது. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இதில் எதுவும் என் கண்ணில் பட்டிருக்காது. எட்டு வாங்கியதற்கு நான் சொல்லக்கூடிய நியாயம் இவ்வளவுதான்.

மூன்றாவது வெள்ளை, ப்ரின்ஸ், 8 டாலர். வெள்ளை என்று பெயர்தான், வந்தபோது பழைய கதர் வேட்டி மாதிரி மஞ்சளித்துக் கிடந்தது. இந்தப் பிளாஸ்டிக் வயதானால் மஞ்சளிக்கும், வெயில் காட்டினால் வெளுக்கும் என்பது சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நானும் ஜூலை மாதம் தெற்குப் பார்த்த ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்தேன். வெளுத்தது, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் பார்த்தால் குதிரை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது, முன்னங்கால் ஒன்று வாழைத்தண்டு மாதிரி வளைந்துவிட்டது. வெந்நீரில் அந்தக் காலை மட்டும் முக்கி, இளகியதும் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடித்தேன். நிமிர்ந்தது, என்றாலும் இன்றும் முழுசாகத் தரையில் பதியாது, குளம்புக்கு அடியில் மடித்த விசிட்டிங் கார்டு வைத்திருக்கிறேன். செய்வதானால் குளிர்காலத்து வெயிலில் செய்யுங்கள். நிறம் பூசிய குதிரைக்கு இந்த வைத்தியமே வேண்டாம், பெயின்டும் சேர்ந்து வெளுக்கும்.

செந்தவிட்டு ஷேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 டாலர், கறுப்புப் பிடரி, பார்க்க அம்சமாக இருக்கும், அவ்வளவுதான். வரிசையில் ஓர் இடத்தை நிரப்புகிறது.

ஃப்ளெக் அப்படியில்லை. 25 டாலருக்கு இதைவிட நல்ல பொருள் இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்காது என்பது என் கருத்து. சாம்பல் உடம்பு, பின்பக்கம் மட்டும் வெள்ளை, அதன் மேல் கறுப்புப் புள்ளிகள். அச்சுக் குத்தின மாதிரி இல்லாமல், பெயின்ட் பிரஷ்ஷை யாரோ உதறிவிட்டது போல ஒன்று பெரிதாக, ஒன்று கடுகளவாக, ஒன்று வழிந்து வாலில் ஏறி. என்னுடையதில் இடது பக்கம் பதினேழு புள்ளி, வலது பக்கம் ஒன்பதுதான். எண்ணினாயா என்று கேட்காதீர்கள், எண்ணினேன்.

மரக்கோட்டுக் குதிரை, அவர்கள் வுட்கிரெய்ன் என்கிறார்கள், 90 டாலர். இருப்பதிலேயே நான் அதிகம் கொடுத்தது. பிளாஸ்டிக் மேல் மரத்தின் ரேகை மாதிரி பழுப்புக் கோடுகளை ஓடவிட்டு, தச்சர் செதுக்கிய பொருள் போலக் காட்டுகிற பூச்சு. 60களில் கொஞ்ச காலம் ஓடியது. மேஜை விளக்குகளிலும் இந்தப் பூச்சுக் குதிரைகளை வைத்து விற்றிருக்கிறார்கள், ஆகவே வாங்கும்போது குளம்பைத் திருப்பி, எங்காவது திருகி மாட்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். புகைப்படத்தில் பார்க்க எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, பிளாஸ்டிக்குக்கு எதற்கு மர வேஷம் என்று தோன்றியது. அந்த வருடம் நவராத்திரி சமயத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கொலுப்படி அடுக்கும்போது ஷெல்ஃபைப் பார்த்து, மற்ற ஏழையும் விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்தார். "இது என்னடா மரம், மரப்பாச்சி மாதிரியே இருக்கு?" பிளாஸ்டிக்மா என்றேன். நம்பவில்லை, நகத்தால் சுரண்டப் போனார். பாய்ந்து பிடுங்கினேன். கடைசியில் மரப்பாச்சி ராஜா ராணிக்குப் பக்கத்தில் ஒன்பது நாளும் அதுதான் நின்றது, வந்தவர்களில் ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எனக்கும் பிடித்துப்போயிற்று.

இப்போது அந்த மூன்றாவது பொன்னிறக் குதிரை. இதுதான் ஏமாந்த கதை. 1970களின் எண்ணெய் நெருக்கடி சமயத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. கையில் கிடைத்த கலர் பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே வெள்ளை பெயின்ட் அடித்து, அதற்கு மேல் வழக்கமான நிறத்தை ஏற்றினார்கள். சாக்பீஸ் பூசின மாதிரி அடர்ந்த வெள்ளையாக இருக்கும் என்பதால் இவற்றுக்குச் சாக்கி என்று பெயர், சேர்ப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். ஹிக்கரியிலும் சாக்கி உண்டு. ஆன்லைனில் ஒருவர் சாக்கி என்று போட்டு 70 டாலர் கேட்டார், படம் மங்கலாக இருந்தது, நானும் ஆசையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பட்டனை அமுக்கினேன். வந்து பிரித்தால், ஒற்றை செய்தித்தாளில் சுற்றி, பெட்டிக்குள் உருண்டு, வாலின் நுனியில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லுதான் உண்மையைச் சொன்னது. சாதாரணக் குதிரைகளில் வெள்ளையாகத் தெரியும் இடம் பெயின்டே இல்லாத வெறும் பிளாஸ்டிக். சாக்கியாக இருந்தால் பெயர்ந்த இடத்தில் உள்ளே வேறு நிறம் தெரிய வேண்டும். இதில் உள்ளே வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. எழுதிக் கேட்டேன். பழைய பொருள், திருப்பி எடுக்க மாட்டோம் என்று இரண்டு வரி. பத்து டாலர் பெறாத குதிரைக்கு எழுபது. மனைவியிடம் இன்றுவரை இதைச் சாக்கி என்றே சொல்லி வைத்திருக்கிறேன், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதால் இந்தப் பத்தி எத்தனை நாள் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

எட்டாவது கரி நிறம், கறுப்பை நெருங்குகிற சாம்பல், வெள்ளைப் பிடரி, வெள்ளைக் கால்கள். இதை ப்ரேயர் கம்பெனி வருடாவருடம் நடத்தும் ப்ரேயர்ஃபெஸ்ட் திருவிழாவில் வாங்கினேன். 1990லிருந்து நடக்கிறது, ஜூலையில், கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் ஹார்ஸ் பார்க்கில். எங்களுக்கு மூன்று மணி நேர டிரைவ். டிக்கெட்டோடு அந்த வருடத்துக்கென்று வெளியிட்ட குதிரை ஒன்று தருகிறார்கள், நிறம் தெரியாமல் மூடிய பெட்டியில் விற்கும் குதிரைகளுக்கு வெயிலில் வரிசை நிற்கிறது, நிஜக் குதிரைகளும் வருகின்றன. நான் போனது அதற்கெல்லாம் இல்லை. பக்கத்து ஹோட்டலில் சேர்ப்பவர்கள் அறை எடுத்துத் தங்கி, கதவைத் திறந்து வைத்து, கட்டில், டிரஸ்ஸிங் டேபிள், டிவி ஸ்டாண்டு என்று கிடைத்த இடத்திலெல்லாம் குதிரையைப் பரப்பி விற்கிறார்கள். திருமண மண்டபத்து மாடி அறைகளில் கதவு கதவாக எட்டிப் பார்த்துச் சொந்தக்காரரைத் தேடுவோமே, அந்த மாதிரி நடந்துகொண்டே போக வேண்டியதுதான்.

ஓர் அறையில் எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர். நான் கரிக்குதிரையை எடுத்து விலையைப் பார்த்தேன், 45. எதுவும் பேசாமல் என் கையிலிருந்து வாங்கி, கட்டைவிரலை முதுகில் இரண்டு பாதியும் ஒட்டிய இடம் நெடுகிலும் ஓட்டிக் காட்டினார், பிறகு இரண்டு காது நுனி, பிறகு நான்கு குளம்பு விளிம்பு, பிறகு மேஜையில் வைத்து விரலால் லேசாகத் தள்ளி ஆடுகிறதா என்று பார்த்தார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எதற்கு என்றேன். 1980களின் கடைசியில் வந்த சில குதிரைகளில் பிளாஸ்டிக் கெட்டு, பிசுபிசுவென்று கசிந்து, காடி வாசனை அடிக்கும், சில சுருங்கியும் போகும், எந்தக் குதிரையானாலும் முகர்ந்து வாங்கு என்றார். பேரம் பேச வாய் வரவில்லை, 45ஐயும் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து பழைய குதிரை எது கையில் வந்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகிறது. கடைகளில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மொத்தம் 269 டாலர், நான்கு வருடத்தில். புதிதாகக் கடையில் வரும் இதே அளவு ப்ரேயர் குதிரை ஒன்று இன்று 50 டாலருக்கு மேல், அதாவது ஐந்து புதுக் குதிரையின் விலை. புதியவற்றில் நிறம் ஏற்றுவது எவ்வளவோ நுணுக்கம், விலாவில் விழும் புள்ளி வட்டங்கள், குளம்பில் கோடு, நரம்பு தெரியும் முகம். அழகில் என் எட்டும் அவற்றின் பக்கத்தில் நிற்காது. கிறிஸ் ஹெஸ்ஸின் இந்த அரேபியனுக்குக் கால்கள் கொஞ்சம் குச்சி, முகபாவம் கொஞ்சம் பொம்மைத்தனம், ஒத்துக்கொள்கிறேன். அலங்காரத்துக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்பவர்கள் புதியதையே வாங்குங்கள், இதன் பக்கம் வர வேண்டாம். 60களின் தங்கம், நீலம் அடித்த டெக்கரேட்டர் வரிசைக்கும் ஆசைப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் விற்காமல் தேங்கியவை, இன்று ஒன்றின் விலையில் என் வரிசை முழுவதும் இரண்டு தடவை வாங்கலாம். சின்னப் பிள்ளைகள் தூக்கிப்போட்டு விளையாடுவதற்கு இந்த அளவு ப்ரேயர் எதுவும் ஆகாது, காதும் காலும் முதலில் போகும். அதற்கு ப்ரேயரிலேயே உள்ளங்கையில் அடங்கும் ஸ்டேபிள்மேட்ஸ் வரிசை இருக்கிறது, விலையும் குறைவு.

ஆனால் ஒரே பொருள் இருபத்தைந்து வருடத்தில் எப்படியெல்லாம் மாறிக்கொண்டே வந்தது என்று கையில் வைத்துப் பார்க்க ஆசை இருக்கிறவர்கள், யாரும் மதிக்காத அச்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள், அதில் இந்த ஸ்டாலியனுக்கு நான் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரை மதிப்பெண் வெட்டியது அந்தக் குச்சிக் கால்களுக்காக. நெட்டில் வாங்குவதானால் வால் நுனி, காது, பின்தொடை முத்திரை மூன்றுக்கும் கிட்டத்துப் படம் கேளுங்கள், அனுப்ப மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

போன வாரம் மகள் கூடைப்பந்து பயிற்சி முடிந்து வந்தவள் ஷெல்ஃப் முன்னால் நின்று, "எட்டுமே அப்பாதானா? அம்மா எங்கே, குட்டி எங்கே?" என்றாள். ஹனி 6 டாலருக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போய் முகர்ந்துவிட்டு வர வேண்டும்.